ஏழாவது வாரத்தில் ஊருக்குப் போனபோது

ஊருக்கு டிக்கெட் எடுத்தபோது நான் கர்ப்பமாக இல்லை. விமானம் ஏறியபோது ஏழாவது வாரம். இங்கே முதல் பரிசோதனைக்குக் கிடைத்த தேதியோ நாங்கள் திரும்பி வந்த பிறகு. அதனால் அந்த மூன்று வாரமும் ஊர் டாக்டர்களை நம்பித்தான் போனேன். இதே நிலையில் கிளம்பும் பெண்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். அதனால் விமானத்தில் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, அடிக்கடி எழுந்து நடந்தேன். கழிவறைக்கும் அது வசதி. வயிறே தெரியாத இந்தச் சமயத்திலும் சிறுநீர் அடிக்கடி வரும், ஏனென்றால் சிறுநீரகத்துக்கு அதற்குள் ரத்த ஓட்டம் கூடியிருக்கும்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் மசக்கை பிடித்துக்கொண்டது. சோப்பு வாசனைகூடக் குமட்டியது. பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். "மூணு மாசம் அப்படித்தான் இருக்கும், சகஜம்" என்றார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எது சகஜமில்லை என்று சொல்லவில்லையே! அன்று இரவெல்லாம் அடிவயிறு லேசாக இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் பயந்துகொண்டே படுத்திருந்தேன்.

அடுத்த நாள் அம்மா ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் வருவதற்கு முன்னால் நர்ஸ் அக்கா என்னை உட்கார வைத்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போறீங்கம்மா? என்ன கலர்ல போகுது? தண்ணி குடிச்சா நிக்குதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விகளைத்தான் முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டும். குடித்த தண்ணீரும் நிற்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போய், எடையும் இறங்கினால் அது வெறும் மசக்கை இல்லை, உடனே வர வேண்டும் என்றார். ரத்தப்போக்கு, ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இதில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காதீர்கள், கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். கேட்கப் பயமாக இருந்தாலும் மனசு லேசானது. லேசான இழுப்பு கர்ப்பப்பை வளர்வதால் வரலாமாம்.

அப்புறம் ஸ்கேன். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து நான் எண்ணிய கணக்குக்கு ஐந்து நாள் குறைவாகக் காட்டியது. வளர்ச்சி குறைவோ என்று பதறினேன். கருமுட்டை தாமதமாக வெளியானால் இப்படிக் காட்டும், இந்த வாரங்களில் கருவின் நீளத்தை அளந்துதான் பிரசவத் தேதியை உறுதி செய்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். இதயத் துடிப்பைத் திரையில் காட்டினார். ஒரு புள்ளி மினுங்கியது. அம்மா அழுதுவிட்டார்.

குமட்டலுக்கு, வைட்டமின் பி6 சேர்ந்த டாக்ஸிலமைன் மாத்திரையை இரவில் போடச் சொன்னார். தூக்கம் வரும், ஆனால் காலைப் பொழுது தெளிவாக இருந்தது. எழுந்திருப்பதற்கு முன்பே கொஞ்சம் பிஸ்கட், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பாடு. வயிறு காலியானால்தான் குமட்டல் கூடுகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. ரத்த அளவு சரியாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையை இப்போதைக்குத் தள்ளிவைத்தார், அது குமட்டலையும் மலச்சிக்கலையும் கூட்டுமாம். ஆனால் ஃபோலிக் அமிலத்தை, தினம் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை ஒரு நாளும் விடக்கூடாது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் காலம் இது. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும், இபுப்ரோஃபென் வேண்டாம் என்றார்.

அசதியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகாமல் படுத்தே கிடந்தேன். "சோம்பேறித்தனம் இல்லம்மா, ஹார்மோன்" என்று நர்ஸ் அக்கா அம்மாவிடம் சொன்னதுதான் எனக்குப் பெரிய உதவி.

கிளம்புவதற்கு முந்தின நாள் நர்ஸ் அக்கா மறுபடி எடை பார்த்தார். அரைக் கிலோதான் குறைந்திருந்தது. ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, "பெட்டியில வைக்காதீங்க, கைப்பையிலயே இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார்.