மாவுக்கட்டா, ஸ்க்ரூவா? மல்யுத்த வீரர்களின் கைக் காயங்கள்: ஓர் ஒப்பீடு

முட்டி திருகிக்கொண்டால் மல்யுத்த வீரர் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கிறார். விரல் வீங்கினாலோ, பக்கத்து விரலோடு சேர்த்து டேப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த பிடிக்குப் போய்விடுகிறார். நானும் அப்படி ஆடியவன்தான். என் வலது மோதிர விரலின் நுனி இன்றுவரை மடங்காது. அதனால் இந்த அலசலில் கொஞ்சம் சொந்தக் கடுப்பும் கலந்திருக்கும்.

அடிபட்டதும் எல்லோரும் கேட்பது, "ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் மல்யுத்தப் பாய்க்குத் திரும்பலாமா?" என்பதுதான். நான் பார்த்தவரை, பொறுத்திருந்தாலும் கெட்டுப்போகாத காயத்துக்குக் கத்தியைத் தேடி ஓடுகிறோம். ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாத காயத்துக்கு டேப் சுற்றுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்கேஃபாய்டு முறிவு

எதிராளி தூக்கிப் போடும்போது கை தானாக நீண்டு உள்ளங்கையை ஊன்றும். உடல் எடையோடு எதிராளியின் எடையும் சேர்ந்து மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் அப்போது பெரும்பாலும் உடைவது, கட்டைவிரல் பக்கம் இருக்கும் படகு போன்ற எலும்பு. அதுதான் ஸ்கேஃபாய்டு. வீக்கம் பெரிதாக இருக்காது, கை கோணலாகவும் தெரியாது. கட்டைவிரலை நிமிர்த்தி விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அங்கே அழுத்தினால் வலிக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரே நார்மல், வெறும் சுளுக்குதான்" என்று மறுநாளே பயிற்சிக்குத் திரும்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். குழியில் வலி இருந்தால் கையை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்க வழியிருந்தால் முதல் வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க நுனியில் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கை பக்கத் துண்டுக்கு வரத்து குறைந்துவிடும். ஆறுவதற்கு இத்தனை காலம் பிடிப்பதும், கவனிக்காமல் விட்டால் சேராமலே நின்றுபோவதும் அதனால்தான். சேராத ஸ்கேஃபாய்டு சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டையே தேய வைத்துவிடும்.

இனி ஒப்பீடு. துண்டுகள் விலகாத, நடுப்பகுதி முறிவுக்கு மாவுக்கட்டு என்றால் பொதுவாக 8 முதல் 12 வாரம். கட்டைப் பிரிக்கும்போது முன்கை மெலிந்திருக்கும், மணிக்கட்டு மரக்கட்டைபோல விறைத்திருக்கும். பிடியின் பலம் திரும்ப இன்னும் சில வாரம் ஆகும். ஸ்க்ரூ வழி வேறு மாதிரி. தலையில்லாத சிறிய ஸ்க்ரூ எலும்புக்குள் முழுக்கப் புதைந்து, இரு துண்டையும் இறுக்கிப் பிடிக்கும். நீண்ட நாள் கட்டு தேவையில்லை, மணிக்கட்டைச் சீக்கிரம் அசைக்கலாம், கால் பயிற்சியையும் ஓட்டத்தையும் விடாமல் தொடரலாம். முதல் சில மாதங்களில் ஸ்க்ரூவின் கைதான் ஓங்கியிருக்கும், அதை மறுக்க முடியாது.

ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால்? இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் 439 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2 மில்லிமீட்டர் வரை விலகிய நடுப்பகுதி முறிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 52 வாரம் கழித்து வலியிலும் கையின் செயல்பாட்டிலும் இரு பிரிவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் பிரிவில் 14 சதவீதம் பேருக்கு அறுவையால் வரக்கூடிய, பெரிதாகும் வாய்ப்புள்ள சிக்கல்கள் வந்தன. கட்டுப் பிரிவில் அது 1 சதவீதம். அதே சமயம், கட்டினால் வரும் தொல்லைகள் கட்டுப் பிரிவில் 18 சதவீதம் பேருக்கு வந்தன. முதலில் கட்டு, எலும்பு சேரவில்லை என்று தெரிந்தால் உடனே ஆபரேஷன் என்பதே அவர்கள் சொன்ன வழி.

அந்த 439 பேரும் மல்யுத்தக்காரர்கள் இல்லையே என்று கேட்கலாம், நியாயம்தான். சீசன் நடுவே இருப்பவருக்கு ஸ்க்ரூ மிச்சப்படுத்தும் வாரங்கள் பெரிய விஷயம். ஆனால் ஸ்க்ரூ எலும்பை ஆற்றுவதில்லை, அசையாமல் பிடித்துத்தான் வைக்கிறது. சிடி ஸ்கேனில் எலும்பு சேர்ந்தது தெரியும் முன்னே ஒருவரை இடுப்பில் பிடித்து உருட்டினால், வளைவது ஸ்க்ரூவாகவும் இருக்கலாம். எனக்கு இன்று இந்த முறிவு வந்தால், போட்டி ஆறு மாதம் தள்ளி இருந்தால் மாவுக்கட்டுதான். துண்டு நன்றாக விலகியிருந்தாலோ, முறிவு முன்கை பக்க முனையில் இருந்தாலோ யோசிக்காமல் ஸ்க்ரூ.

ஒரே விரல் நுனி, இரண்டு கணக்கு

தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண். விரல் நுனியின் முதுகுப் பக்கத் தசைநாண் அறுந்தால் நுனி தொங்கிவிடும், தானாக நிமிராது. உள்ளங்கைப் பக்கத் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்தால் நுனி மடங்காது. இரண்டும் ஒரே மூட்டில்தான் நடக்கின்றன. வைத்தியமோ நேரெதிர்.

தொங்கும் நுனிக்கு ஸ்பிளின்ட், அதாவது விரலை அசையாமல் பிடித்து வைக்கும் பட்டை, போதும். 6 முதல் 8 வாரம் ராத்திரி பகல் பாராமல் நுனி நேராக இருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றி ஒரே ஒரு முறை மடங்க விட்டாலும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும். சில வாரம் தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு. எலும்புத் துண்டு பெரிதாகப் பெயர்ந்து மூட்டு நழுவியிருந்தால் மட்டும் ஆபரேஷனில் கம்பி போடுவது பற்றிப் பேசுவார்கள்.

மடங்காத நுனிக்கு ஸ்பிளின்ட் எதுவும் செய்யாது. எதிராளியின் உடையில் விரல் மாட்டும், அல்லது கோத்த கையை அவர் வெடுக்கென்று பிரிப்பார். பெரும்பாலும் பலியாவது மோதிர விரல். தசைநாண் உள்ளங்கைவரை சுருங்கிப் போய்விட்டால் அதற்கு ரத்த ஓட்டமும் போய்விடும். 7 முதல் 10 நாளுக்குள் இழுத்துத் தைக்க வேண்டும், அப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் பலமான பிடி கூடாது. எலும்பு உடையாததால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், வீங்கிய விரல் மடங்காதது யாருக்கும் விசித்திரமாகவும் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்வதுதான் சோதனை, பத்து நொடி வேலை.

நாள் கடந்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், நுனி மூட்டை நிரந்தரமாக இணைத்துவிடலாம், அல்லது வேறு இடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டும் நீண்ட வைத்தியத்துக்குப் போகலாம். நான் அப்படியே விட்டுவிட்டேன். பிடி கொஞ்சம் குறைந்தது, அதோடு வாழ முடிகிறது.

கட்டைவிரல், நடு மூட்டு, டேப்

கட்டைவிரல் வெளிப்பக்கமாகப் பிடுங்கப்பட்டால் அடி மூட்டின் உட்பக்க ஜவ்வு (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்) கிழியும். பாதிக் கிழிசலுக்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் 4 முதல் 6 வாரம். முழுக்கிழிசலில் ஒரு வம்பு உண்டு: அறுந்த முனை பக்கத்துத் தசைப்படலத்துக்கு மேலே ஏறி நின்றுகொள்ளும். 1962-ல் இதை விவரித்த ஸ்டெனர் என்ற மருத்துவரின் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள். இடையில் படலம் நிற்கும்போது எத்தனை மாதம் கட்டி வைத்தாலும் ஜவ்வு ஒட்டாது. கிள்ளிப் பிடிக்கும் பலமே அந்த ஜவ்வை நம்பி இருப்பதால், இங்கே ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

விரலின் நடு மூட்டு நழுவினால் நிலைமை தலைகீழ். சரியாக உட்கார்ந்துவிட்டது, எக்ஸ்ரேயில் முறிவில்லை என்றால் பக்கத்து விரலோடு டேப் போட்டு சீக்கிரமே அசைக்கத் தொடங்குவது நல்லது, வாரக்கணக்கில் கட்டி வைத்தால் விறைத்துப்போகும். விதிவிலக்கு ஒன்று: நடு மூட்டைத் தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் மேல் தசைநாண் அறுந்திருக்கலாம், அதற்கு 6 வாரம் நேராக ஸ்பிளின்ட். இன்னொன்றும் பாருங்கள். விரல்களை மடக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் உள்ளங்கை எலும்பு முறுகி உடைந்திருக்கலாம், அதை டேப் சரிசெய்யாது.

டேப் போட்டபடி ஆடலாமா என்பதற்கு விதிப்புத்தகத்திலும் பதில் உண்டு. உலக மல்யுத்தத்தை நிர்வகிக்கும் அமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் விதிகளில், காயமோ டாக்டர் உத்தரவோ இல்லாமல் மணிக்கட்டில் கட்டுப் போட அனுமதியில்லை, எதிராளியைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணியவும் கூடாது. விரலை முறுக்குவதும் அதே விதிகளில் தடைசெய்யப்பட்டதுதான். டேப் சுற்றிய விரலோடு இறங்கும்போது, எந்த விரலைப் பிடுங்கலாம் என்று எதிராளிக்கு நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.