மோதிரத்துக்குக் கண்ணாடி மெருகா, சாட்டினா?

பத்து வருடம் போட்டிருந்த மோதிரம் விரலை இறுக்கத் தொடங்கியதும் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்தேன். 18 காரட் மஞ்சள் தங்கம், கல் வைக்காத பட்டை வளையம் என்பதெல்லாம் உடனே முடிவாகிவிட்டது. மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இரண்டு வாரம் ஆனது. கண்ணாடி மெருகு, மணல் பீய்ச்சி மங்கலாக்கிய மேட், சுத்தியலால் தட்டிய கொத்து, மெல்லிய கோடுகள் ஓடும் சாட்டின் என்று நான்கையும் விரலில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் எடுத்தது சாட்டின். இரண்டு வருடமாக அதுதான் கையில் இருக்கிறது.

எது அழகு என்பது அவரவர் கண்ணுக்கு. விற்கப் போனால் எடையும் தரமும்தான் பேசும், மெருகுக்கு யாரும் தனியாகப் பணம் தரமாட்டார்கள். அதனால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இது என்னவாகும், அப்போது அதைச் சரிசெய்ய என்ன ஆகும்?

கண்ணாடி மெருகில்தான் தங்கம் முழுப் பளபளப்போடு இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம், மென்மையான உலோகம். 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம். மீதி வெள்ளி, செம்பு என்று சேர்வதால் கொஞ்சம் கெட்டி. அதற்காகச் சாவிக்கொத்தும் இரும்புக் கைப்பிடியும் அதை விட்டுவைப்பதில்லை. வழவழப்பான பரப்பில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமே என்பார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள தங்கத்தைத் தேய்த்து இறக்குகிறது. துணிச் சக்கரத்தில் ரூஜ் என்ற மெருகுப் பசை தடவித் தேய்க்கும்போது போவது நம் தங்கம்தான். ஒரு தடவைக்குப் போவது மிகக் கொஞ்சம். என் பழைய மோதிரத்துக்கு நான்கு முறை பாலிஷ் போட்டேன். வெளிப்பக்கம் செதுக்கியிருந்த இலைக் கொடியில் நரம்புகள் முதலில் மறைந்தன, அப்புறம் இலையின் ஓரங்களும் மழுங்கின. மோதிரம் பளபளத்தது, வேலைப்பாடு போய்விட்டது. உள்ளே பொள்ளலாக, மெல்லிய தகட்டில் செய்த நகையென்றால் இந்தத் தேய்மானத்துக்கு இன்னும் பயப்பட வேண்டும்.

மேட் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் நானும் போனேன். நுண்ணிய கண்ணாடி மணிகளையோ மணலையோ காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் செய்யும் மேட், பார்க்க மாவு பூசியது போல மெத்தென்று இருக்கும். கை படும் இடத்திலெல்லாம் அந்தப் பொடிப்பொடி மேடுகள் அமுங்கி, அங்கங்கே எண்ணெய் பட்டது போலத் திட்டுத் திட்டாக மின்னும். திரும்பப் பழையபடி ஆக்க அந்த இயந்திரம் வேண்டும், கல் பதித்திருந்தால் கல்லை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். எதிலும் உரசாத தோடு, பதக்கத்துக்கு இது நன்றாகவே நிற்கும். மோதிரத்துக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுத்தியல் கொத்தில் அடி பட்டாலும் அது இன்னொரு கொத்தாகக் கலந்துவிடும். என்னிடம் அப்படி ஒரு வளையல் மட்டும் இருக்கிறது, அதுவும் எப்போதாவது போடுவது. தினசரிக்கு எப்படி என்று அதை வைத்துச் சொல்லமாட்டேன்.

சாட்டினில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். புதிதாக விழும் கீறல் அந்தக் கோடுகளுக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. குறுக்கே விழும் ஆழமான கீறல் மட்டும்தான் தெரியும். குறையே இல்லை என்று சொல்லமாட்டேன்: மூன்று மாதத்திலேயே உள்ளங்கைப் பக்கம் கோடு தேய்ந்து மின்ன ஆரம்பித்தது. ஆனால் இதை வீட்டிலேயே சரிசெய்ய முடிகிறது, என்னைச் சாட்டின் பக்கம் இழுத்ததே அதுதான். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, மோதிரத்தின் சுற்று வாக்கிலேயே ஒரே திசையில் ஐந்தாறு இழுப்பு. வட்ட வட்டமாகத் தேய்த்தால் கோடு குழம்பிவிடும். பழைய நாரில் ஒட்டியிருக்கும் மண் துகள் ஒன்று போதும், ஆழமாகக் கீறிவிடும். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்பு போட்டுக் கழுவுகிறேன். இதிலும் தங்கம் கொஞ்சம் தேயத்தான் செய்யும், அதனால் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை.

முலாம் பூசிய நகையில் இதைச் செய்யவே கூடாது. வெள்ளைத் தங்கத்தின் மேல் பெரும்பாலும் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் முலாம் இருக்கும். அது உரிந்தால் அடியிலுள்ள மங்கிய மஞ்சள் எட்டிப்பார்க்கும். கல் பதித்ததையும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

என் மோதிரத்தில் நடுப்பட்டை மட்டும் சாட்டின், இரண்டு ஓரமும் மெல்லிய கண்ணாடி மெருகு. பளபளப்பும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கியது. நாரை எடுப்பதற்கு முன் இரண்டு ஓரத்திலும் காகித டேப் ஒட்டிக்கொள்கிறேன். முதல் தடவை ஒட்டாமல் தேய்த்ததில் ஒரு ஓரம் மங்கிவிட்டது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.