வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம்: இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமா?

முப்பத்தைந்து, நாற்பது வயதில் மறுபடி படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஃபீஸைத்தான். எதில் சேர்ந்தால் பாதியில் விடமாட்டோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. இரண்டிலும் சேருவது சுலபம், முதல் வருட அசைன்மென்டிலேயே நின்றுபோகிறவர்களைத்தான் என்னைச் சுற்றி அதிகம் பார்க்கிறேன்.

இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை நீட்டிக்கலாம், ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு, எந்த பேப்பரை எழுதுகிறோமோ அதற்கு மட்டும் தேர்வுக் கட்டணம், அதனால் பிரசவமோ அப்பாவின் ஆபரேஷனோ வந்து ஒரு ஜூன் தேர்வு கைவிட்டுப் போனாலும் படிப்பு போய்விடாது. வேறு மாநிலத்துக்கு மாற்றலானால் மண்டல மையத்தை மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் மொழியில்தான். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஆங்கிலம் அல்லது இந்தி. பொதுவாக மதிப்பெண்ணில் 30 சதவீதம் வீட்டில் எழுதிக் கொடுக்கும் அசைன்மென்டுக்கு. குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஏ4 தாளில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், ஆங்கிலம் தடுமாறினால் இரண்டாவது கேள்வியிலேயே பேனாவை வைத்துவிடத் தோன்றும். அசைன்மென்டைக் கொடுத்ததற்கு வாங்கிய ரசீதை, மதிப்பெண் ஏறும்வரை பத்திரமாக வையுங்கள்.

சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது. தமிழ் வழியிலேயே பட்டம் படிக்கலாம். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, அப்புறம் பல வருடம் புத்தகத்தைத் தொடாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. புரிந்து படிக்கிறவர்தான் தொடர்ந்து படிப்பார். அதனால் தமிழ்நாட்டிலேயே இருந்து ப்ரொமோஷனுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ பட்டம் தேடுபவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். ஊர் ஊராக மாற்றலாகும் வேலை, ஆங்கிலமும் ஓரளவு வரும் என்றால் இக்னோ.

மாலைக் கல்லூரி? ஷிஃப்ட் இரண்டு என்று நடத்தும் அந்த வகுப்பு பல கல்லூரிகளில் மதியமே தொடங்கிவிடுகிறது, பகல் வேலைக்காரருக்கு ஒத்துவராது.

எதில் சேருவதற்கு முன்னாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து அதற்குப் பிறகு வாங்கிய பட்டம்தான் செல்லும். பிளஸ் டூ இல்லாதவர்கள் தனித்தேர்வராகவோ என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ முதலில் அதை முடியுங்கள்.

இன்னொன்று, இவர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கட்டாயமில்லை என்றாலும் ஆரம்பத்தில் போய்விடுங்கள். அங்கே அறிமுகமாகும் நாலு பேர் வாட்ஸ்அப்பில் ‘அசைன்மென்ட் கொடுத்தாச்சா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலரும் எழுதிவிடுகிறார்கள்.