தேயிலைக் கணக்குக்கு ஒரு குட்டி மொழி: எந்தக் கருவி தோது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலைக்கு விலை போடும் விதிகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் நான் நிரலைத் திருத்துவதை விட, கணக்குப் பார்க்கும் அக்காவே “ஈர இலை என்றால் கழிவு 5 சதவீதம்” என்று எழுதி, அதிலிருந்து நிரல் தானாக உருவானால் நல்லது. அதற்கான துறைசார் மொழியை, அதாவது இந்த ஒரு வேலைக்கு மட்டுமான குட்டி மொழியை, செய்ய எக்ஸ்டெக்ஸ்ட், டெக்ஸ்ட்எக்ஸ், லாங்கியம் என்ற மூன்று கருவிகளைப் பார்த்தேன்.

எக்ஸ்டெக்ஸ்ட் மூத்தது. 2010இல் 1.0 வந்தது. மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால், அதில் எழுதியதைப் பிரித்துப் படிக்கும் பார்சர், படித்ததைத் தரவாக வைக்கும் ஈ.எம்.எஃப். மாதிரி (மாடல்), எக்லிப்ஸ் என்ற நிரலாக்கச் செயலிக்கான எடிட்டர் எல்லாம் கிடைக்கும். ஏற்கெனவே ஈ.எம்.எஃப். மாதிரிகளோடு புழங்கும் குழு கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். தனி ஆளாக வேலை செய்யும் எனக்கு ஜாவாவும் எக்லிப்ஸும் பெரிய சுமை.

டெக்ஸ்ட்எக்ஸ் அதற்கு நேர் எதிர். பைத்தான் நூலகம், ஒரே இலக்கணக் கோப்பு. நிரல் ஓடும்போதே வகுப்புகளை (class) உருவாக்கிக்கொள்ளும். காலையில் தொடங்கி மதியத்துக்குள் முதல் விதியை ஓட்டிவிட்டேன். தடுக்கிய இடம் தமிழ். விதிக்குள் வரும் சொற்களைத் தமிழிலேயே கொடுக்கலாம், சிக்கல் இல்லை. ஆனால் “கழிவு” என்று மாறிக்குப் பெயர் வைத்தால் அது ‘க’, ‘ழ’வோடு நின்றுவிடும். பைத்தானின் வழக்கமான தேடுகோவை (regex) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. பெயருக்கான விதியில் தமிழ் யூனிகோடு வரம்பை நாமே சேர்க்க வேண்டும். எக்ஸ்டெக்ஸ்ட், லாங்கியம் இரண்டிலும் பெயர் விதி ஆங்கில எழுத்துகளோடுதான் வருகிறது, ஆகவே இந்தத் திருத்தம் அங்கேயும் தேவை. தமிழில் மொழி செய்கிறவர்கள் முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள்.

“விலை + ஊக்கத்தொகை - கழிவு” போன்ற கணக்குக் கோவைகளிலும் கவனம் வேண்டும். “கோவை என்பது கோவை + எண்” என்பது போல இடப்பக்கம் தன்னையே அழைக்கும் விதியை மூன்றுமே ஏற்காது, படிப்படியாகப் பிரித்தோ வேறு வழியிலோ எழுத வேண்டும். அது பிடிக்காதவர்கள், அத்தகைய விதியை ஏற்கும் ஸ்பூஃபாக்ஸ் என்ற இன்னொரு கருவியைப் பார்க்கலாம்.

அப்புறம் லாங்கியம். எக்ஸ்டெக்ஸ்டில் உழைத்தவர்களே டைப்ஸ்கிரிப்ட் நிரல்மொழியில் புதிதாகக் கட்டியது, 1.0 வந்தது 2022இல். எக்லிப்ஸ் வேண்டாம், வி.எஸ். கோட் எடிட்டர் போதும், உலாவியிலும் ஓட்டலாம். எனக்கு முக்கியம் என்னவென்றால், எழுத எழுதவே தவறின் அடியில் சிவப்புக் கோடு வரும், அடுத்து வரக்கூடிய சொல்லும் காட்டும். டெக்ஸ்ட்எக்ஸில் அக்கா கோப்பைச் சேமித்து ஓட்டிய பிறகுதான் பிழை தெரிந்தது. விவசாயிக்குப் பணம் கொடுக்கும் நாளில் அந்தத் தாமதம் ஆகாது.

அதனால் லாங்கியத்துக்கு மாறிவிட்டேன். டெக்ஸ்ட்எக்ஸில் போட்ட இலக்கணத்தின் அமைப்பு பெரும்பாலும் அப்படியே பொருந்தியது. இப்போது ஈர இலை விதியை அக்காவே திருத்துகிறார்.