எந்தக் கோர்ட்டுக்குப் போவது? லாஸ் ஏஞ்சலஸும் நியூயார்க்கும்

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் மாநில விசாரணை நீதிமன்றம் ஒன்றுதான்: சுப்பீரியர் கோர்ட். 2000-இல் முனிசிபல் கோர்ட்டுகளும் அதில் கரைந்துவிட்டன. 35,000 டாலர் வரையிலான சிவில் வழக்குக்கு நடைமுறை எளிது. தொகை கூடினால் நடைமுறைதான் மாறும், கோர்ட் மாறாது.

நியூயார்க் நகரத்தில் கதையே வேறு. ‘சுப்ரீம் கோர்ட்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது விசாரணை நீதிமன்றம். உச்சியில் இருப்பது ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. 50,000 டாலர் வரை சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். வாடகைதாரரை வெளியேற்றும் வழக்கும் அங்கேதான். உயிலுக்கு சரகேட் கோர்ட். மாநில அரசிடமே நஷ்டஈடு கேட்பதானால் கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ்.

ஆள் திணறுவது குடும்ப வழக்கில். குழந்தை யாரிடம் இருப்பது, பராமரிப்புத் தொகை எவ்வளவு என்பதை ஃபேமிலி கோர்ட் தீர்மானிக்கலாம். விவாகரத்து வழங்க அதற்கு அதிகாரமில்லை. அதற்கு சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்; விவாகரத்தோடு மற்ற இரண்டையும் அங்கேயே கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் எந்தக் கோர்ட் என்ற குழப்பமே இல்லை, மூன்றையும் ஒரே மனுவில் கேட்டுவிடலாம். இந்த ஒன்றுக்காகவே அந்த ஏற்பாடு மேல்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின் மீதான அப்பீலிலும் நியூயார்க் நகரம் இரண்டாகப் பிரிகிறது: மன்ஹாட்டனும் பிராங்க்ஸும் அப்பீல் கோர்ட்டின் முதல் பிரிவு, புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் இரண்டாம் பிரிவு. ஆற்றுக்கு அக்கரையில் செல்லும் வாதம் இக்கரையில் செல்லாமல் போகலாம்.