விஎஸ் கோட், இன்டெல்லிஜே, விம்: தமிழ்க் கோப்போடு உட்கார்ந்து பார்த்தபோது

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, சுங்கைப்பட்டாணியில் இருந்து கோலாலம்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, விஎஸ் கோட் நல்லதா, இன்டெல்லிஜே நல்லதா, இல்லை விம் கத்துக்கணுமா?" மூன்றும் புரோகிராம் எழுதுகிற எடிட்டர்கள். இலையை மடிக்கிற வரைக்கும் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் பகலில் அலுவலகத்தில் ஜாவா மொழியில் கோட் எழுதுகிறேன், ராத்திரியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சொல் விளையாட்டுச் செயலி செய்துகொண்டிருக்கிறேன். இந்த இரண்டு வேலையை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறேன், வேறு வேலை செய்கிறவருக்குக் கணக்கு மாறும்.

ஜாவாவுக்கு இன்டெல்லிஜேதான். 2001-இல் வந்த கருவி, இத்தனை வருடம் கழித்தும் இந்த ஒரு வேலையில் அதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. புராஜெக்டைத் திறந்ததுமே எல்லாக் கோப்பையும் படித்துத் தனக்கென்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரு மெத்தடின் (பெயர் வைத்துக் கூப்பிடுகிற கோட் துண்டு) பெயரை மாற்றச் சொன்னால் அது எங்கெல்லாம் கூப்பிடப்படுகிறது என்று அதற்குத் தெரியும், கமென்ட் என்ற குறிப்பு வரிகளிலும் ஸ்டிரிங் என்ற மேற்கோள் எழுத்துகளிலும் அதே பெயர் கிடந்தால் அதையும் தேடி எடுத்து, மாற்றுவதற்கு முன்பே பட்டியலாகக் காட்டிவிடும். விஎஸ் கோடிலும் ஜாவாவுக்கு ரெட் ஹேட் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோடு சேர்த்துப் போடுகிற கூடுதல் கருவி) இருக்கிறது, உள்ளே ஓடுவது எக்லிப்ஸ் என்ற இன்னொரு ஜாவா எடிட்டரின் எஞ்சின், மோசமில்லை. ஆனால் பல வருடப் பழைய கோடில் கை வைக்கும்போது எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

இன்னொன்று, நம்மைப் போலத் தமிழ் எழுதுகிறவர்களுக்கு மட்டும் புரிகிற விஷயம். பழைய ஜாவாவில், திரையில் வரும் சொற்களை எழுதிவைக்கிற புராப்பர்ட்டீஸ் கோப்புக்குள் தமிழை நேராக எழுத முடியாது, ஒவ்வொரு எழுத்தையும் எண் குறியீடாக எழுத வேண்டும். 2017-இல் வந்த ஜாவா 9-க்குப் பிறகுதான் இந்த மொழிபெயர்ப்புக் கோப்புகளை, தமிழை நேராக எழுத இடம் தருகிற யூடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. பழைய புராஜெக்டாக இருந்தால் இன்டெல்லிஜேயில் ஒரு செட்டிங்கைப் போட்டுவிட்டால் போதும், திரையில் தமிழாகக் காட்டும், கோப்பில் குறியீடாகவே வைத்திருக்கும். "வணக்கம்" என்ற ஒரு சொல்லை நாற்பத்திரண்டு எழுத்துக் குறியீட்டுக் குவியலாகப் பார்த்துத் திருத்தியவருக்கு இதன் அருமை தெரியும்.

விலை? ஜாவா, கோட்லின் மொழிகள் மட்டும் என்றால் இலவசமாகவே எழுதலாம். ஸ்பிரிங் (ஜாவா வலைச் செயலிகளுக்கான கட்டமைப்பு), டேட்டாபேஸ் கருவிகள் எல்லாம் முழுசாக வேண்டும் என்றால் சந்தா. பன்னிரண்டு மாதம் கட்டிவிட்டால், அதற்கப்புறம் நிறுத்தினாலும் ஒரு பழைய வெர்ஷனை எப்போதும் வைத்துக்கொள்ளலாம், இதைப் பலர் கவனிப்பதில்லை. பணத்தை விடப் பெரிய செலவு ரேம். 8 ஜிபி மடிக்கணினியில் இதையும் குரோமையும் போன் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டாதீர்கள்.

ராத்திரி வேலைக்கு விஎஸ் கோட். 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, எலக்ட்ரான் என்ற கட்டமைப்பின் மேல் கட்டியது, அதாவது உள்ளே இருப்பது குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியம். குரோமில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே இங்கேயும் தெரியும், கொம்பும் காலும் இடம் மாறாது. எழுத்துரு செட்டிங்கில் ஆங்கில எழுத்துருவுக்குப் பின்னால் ஒரு தமிழ் எழுத்துருவையும் சேர்த்துவிடுங்கள், விண்டோஸில் நிர்மலா போதும், மேக்கில் நம்ம ஊர் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி கூடவே வருகிறது. இணையத்தில் இருந்து ஒட்டிய வரியில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிட எழுத்து ஒளிந்திருந்தால் விஎஸ் கோட் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டும். எக்ஸ்டென்ஷன்களில்தான் கவனம் வேண்டும். விஎஸ் கோடுக்கு உள்ள அனுமதி முழுவதும் எக்ஸ்டென்ஷனுக்கும் உண்டு, யார் எழுதியது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

விம் பற்றி நான் மனசு மாறியவன். அது ஓடுவது டெர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற எழுத்துத் திரையில். பல டெர்மினல்களில் அதற்குள் தமிழைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும், டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் "ஞாயிறு" ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சர்வரில் கான்ஃபிக் (செட்டிங் கோப்பு) திருத்த மட்டும்தான் வைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் என் சொல் பட்டியலில் "கொடி" என்று தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணுக்கு முன்னால் "கொடி" இருக்கிறது! ஒரு மணி நேரம் முழித்தேன். விம்மில் அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்து ஜி, ஏ (ga) என்று இரண்டு விசை தட்டினால் உள்ளே என்ன குறியீடுகள் இருக்கின்றன என்று கீழே காட்டும். நான் தட்டிய "கொ"வில் இரண்டு குறியீடு: க, அப்புறம் ஒகரக் குறி. பிடிஎஃப்பில் இருந்து எடுத்த "கொ"வில் மூன்று: க, கொம்பு, கால். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. பைத்தான் மொழியில் யூனிகோட் நார்மலைஸ் என்ற ஒரு வரி போட்டுப் பட்டியல் முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன், தீர்ந்தது. தமிழை மோசமாகக் காட்டுகிற கருவிதான் தமிழுக்குள் இருக்கும் சிக்கலைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது.

கோடைப் புரிந்துகொள்கிற விஷயத்தில் விம் பின்தங்கியது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. கோடைப் படித்துப் புரிந்துகொள்கிற நிரலுக்கு லாங்குவேஜ் சர்வர் என்று பெயர், அதோடு எந்த எடிட்டரும் பேச 2016-இல் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்று ஒரு பொது வழி வந்தது, 2021-இல் விம்மில் இருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மின் 0.5 வெர்ஷன் அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது, ஆகவே விஎஸ் கோடுக்குப் பின்னால் ஓடுகிற அதே லாங்குவேஜ் சர்வரை இங்கேயும் ஓட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே செட் பண்ண வேண்டும், அதற்கு ஒரு வார இறுதி போய்விடும்.

அந்தத் தம்பியின் கணினி 8 ஜிபி, எழுதுவது பெரும்பாலும் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும். தம்பி, இப்போதைக்கு விஎஸ் கோட் போடுங்கள். டெர்மினலில் விம்டியூட்டர் என்று தட்டி அரை மணி நேரம் பழகிக்கொள்ளுங்கள், சர்வரில் வேறு எடிட்டர் இல்லாத நாள் கண்டிப்பாக வரும். ஜாவா வேலைக்கு மாறினால் முதலில் ரேமை 16 ஆக்கிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், இன்டெல்லிஜேயைச் சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடலாம்.