பல் அசல், கல்தான் ஒட்டு

ரொம்ப நாள் யோசித்து, ஒருவழியாக ஆன்லைனில் ஒரு என்கோடஸ் ஃபாசில் வாங்கினேன். என்கோடஸ் என்பது எப்போதோ அழிந்துபோன ஒரு கடல்மீன். மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் கிடைத்தது, உள்ளங்கை அளவு மஞ்சள் கல், அதிலிருந்து இரண்டு கோரைப்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. விற்றவர் பெயர் வேண்டாம், பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரிய பல் 3.5 செ.மீ., அடியில் தேன் நிறம், நுனிக்குப் போகப்போகக் கறுப்பு. சுமார் 7 கோடி ஆண்டு மண்ணில் கிடந்த பல் என்றால் நம்ப முடியாது, அப்படியொரு பளபளப்பு. லென்ஸில் பார்த்தால் நீளவாக்கில் மயிரிழைக் கோடுகள், விளிம்பில் விரலை வைத்தால் இன்னும் கூர் தெரிகிறது. இந்த மீனுக்குப் பல் நம்முடையது போலக் குழிக்குள் செருகி நிற்காது, அண்ண எலும்போடு, அதாவது வாயின் மேற்கூரை எலும்போடு, ஒன்றாக இறுகியிருக்கும். அந்த எலும்புத் துண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது, காசு கொடுத்தது அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் 'வாள்பல் ஹெர்ரிங்' என்று போட்டிருந்தார்கள். வெறும் பட்டப்பெயர். ஹெர்ரிங், மத்தி வகையறாவுக்கும் இதற்கும் நெருங்கின உறவு கிடையாது, தும்பிலி இருக்கிற வரிசையில்தான் இதைச் சேர்க்கிறார்கள். என்கோடஸ் என்றால் 'ஈட்டிப்பல்', 1835இல் மீன் ஃபாசில் ஆய்வாளர் லூயி அகாசி வைத்த பெயர், அது கச்சிதம்.

சரி, இப்போது அந்த இரண்டாவது பல். 'ஒரே தாடையின் இரு பற்கள்' என்று எழுதியிருந்தார்கள், படத்தில் பார்த்தபோது எனக்கும் உறைக்கவில்லை. ஆனால் இந்த மீனின் அண்ண எலும்பில் பக்கத்துக்கு ஒரு பெரிய பல்தான் உண்டு, ஒட்டினாற்போல இரண்டு எப்படி வரும்? பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு அடிப்பக்கம் தேய்த்தேன், மணல் பிசுபிசுவென்று பஞ்சோடு வந்தது. பசையும் மணலும் குழைத்துப் பூசிய 'கல்'. கொஞ்ச நேரத்தில் சின்னப் பல் கையோடு வந்துவிட்டது, அடியில் எலும்பே இல்லை, முறிந்த தடம்தான். அதுவும் அசல் பல்தான், வேறொரு மீனுடையது.

இதனால் 5க்கு 3. வாங்குவதென்றால் உதிரிப் பல்லாக வாங்குங்கள், கல்லோடுதான் வேண்டும் என்றால் பின்பக்கப் படத்தையும் கேட்டுப் பாருங்கள். விற்றவரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் தயார் பண்றாங்க சார்" என்று பதில் வந்தது, கூடவே அடுத்த ஃபாசிலுக்குத் தள்ளுபடிக் கூப்பனும்.